பச்சைக் கொடி காட்டாமல் வண்டி கிளம்பாது

கார்டு சார் என்னை வேவு பார்க்க முதலாளி அனுப்பிய ஆள் என்று நான் நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் என்று நினைக்காதீர்கள். சோறு தொண்டையில் இறங்காத அளவுக்கு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற அளவுக்கு நம்பினேன். என் மனைவி, “பாவம் அந்த மனுஷன், விளக்கை அணைக்கிறதைத் தவிர வேற என்ன தெரியும் அவருக்கு?” என்றாள். “உளவாளின்னா அப்படித்தான்டி இருப்பான். பார்த்தவுடனே தெரியற மாதிரியா அனுப்புவாங்க?” என்றேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பல்லைக் கடிக்கிற வேலையைத் தொடர்ந்தேன்.

அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது கடைசியில் வரும். முதலில் மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல்லாவரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே அவருக்குப் பயப்படாமல் எரிந்த குழல்விளக்கு கிடையாது. அவர் கண்ணெதிரே காலியாக நகர்ந்த வண்டியும் கிடையாது. அவர் முறைத்தால் மின்விசிறி தானாகவே நின்றுவிடும் என்று கடையில் பேசிக்கொள்வார்கள். நானே ஒருமுறை அதைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் போனது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு எட்டுகிற தூரத்தில், மளிகையிலிருந்து ஐஸ்கிரீம் வரை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே விற்கும் கடை ஒன்றில் நான் மேனேஜர். எங்கள் முதலாளியின் அப்பா காலத்தில் அந்த இடத்தில் நெல் விளைந்தது. முதலாளி காலத்தில் கடை விளைந்தது. தாம்பரத்தில் ஒன்று, குரோம்பேட்டையில் ஒன்று, மேடவாக்கத்தில் சின்னதாக ஒன்று. மேனேஜர் என்றவுடன் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கடையின் பின்சுவரை ஒட்டி ஒரு பலகைத் தடுப்பு, உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. ஜன்னல் கிடையாது. நானோ வேர்ப்பதற்கென்றே பிறந்தவன். மார்கழி மாதத்தில் மாடி ஏறினால்கூட எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

ஆவணியில் ஒரு நாள் முதலாளி வந்தார். அதிகம் பேசமாட்டார். எதற்கும் “ம்” என்பார். அந்த “ம்”மை வைத்துக்கொண்டு அடுத்த நான்கு நாட்கள் நான் ஜோசியம் பார்ப்பேன். அன்றைக்கு அதிசயமாக ஒரு முழு வாக்கியம் பேசினார்: “பொங்கலுக்கு அப்புறம் தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் சேர்த்து ஒரே மேனேஜர்தான்.”

எனக்கு அங்கேயே வேர்த்துவிட்டது. குரோம்பேட்டை மேனேஜர் டை கட்டுகிறவர். தும்மினால்கூட இங்கிலீஷில் தும்முவார். இரண்டு பேரில் ஒருவர் என்றால் யார் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். அப்போதுதான் பெரியவளைக் கான்வென்ட்டில் சேர்த்திருந்தேன், சின்னவன் தொட்டிலில்.

அதே வாரம் கார்டு சார் வந்து சேர்ந்தார். இதற்குப் பிறகும் சந்தேகம் வராவிட்டால் நான் மனுஷனா?

அவர் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து பாதி இந்தியாவைப் பின்னோக்கிப் பார்த்தவர். குடோனையும் டெலிவரி வேனையும் கவனிக்க முதலாளி அவரை வைத்தார். வெள்ளை பேண்ட், வெள்ளை கோட்டு, கழுத்தில் விசில், கக்கத்தில் சுருட்டிய பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை. என்னை முதல் நாளே “எஸ்.எம்.” என்று கூப்பிட்டார். ஸ்டேஷன் மாஸ்டராம்.

நான் கவுண்டருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் என் அறையில் மின்விசிறி நின்றிருந்தது.

“யார் சார் நிறுத்தினது?”

“நான்தான். நீங்க எழுந்து போயிட்டா காத்து யாருக்கு எஸ்.எம்.? நாற்காலிக்கா?”

“இப்ப வந்துட்டேனே.”

“திரும்பவும் எழுந்து போவீங்கல்ல?”

மேனேஜர் என்றால் எழுந்து போகத்தான் வேண்டும். நான் சுவிட்சைப் போடுவேன், அவர் அணைப்பார், நான் போடுவேன், அவர் அணைப்பார். சிலசமயம் நான் உட்கார்ந்திருக்கும்போதே, “கண்ணை மூடிட்டிருந்தீங்க, தூங்கறீங்கன்னு நினைச்சேன்” என்று அணைத்துவிட்டுப் போவார். நான் கண்ணை மூடியிருந்தது ஆத்திரத்தில்.

அடுத்து விளக்குகள். பகலில் கடைக்குள் எதற்கு விளக்கு என்பது அவர் கட்சி. வெளியே தாம்பரத்து வெயில் இலவசமாகக் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே காசு கொடுத்து எரிப்பானேன் என்று பாதி விளக்குகளை அணைத்துவிட்டார். அன்று மாலையே ஒரு அம்மாள் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“மல்லித்தூள்னு எடுத்துட்டுப் போனேன் சார். சாம்பார் கொதிக்கக் கொதிக்க நுரைச்சுக்கிட்டே இருக்கு. என்ன மல்லி இது?”

வாங்கிப் பார்த்தேன். சீயக்காய்த்தூள். இருட்டு மூலையில் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்தன. நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, மல்லித்தூள் கொடுத்து அனுப்பிவிட்டுக் கார்டு சாரிடம் பாய்ந்தேன். விளக்கைப் போடுவார் என்று பார்த்தால், மறுநாள் கடையையே திருப்பிப் போட்டுவிட்டார். பொடிகள், பருப்புகள் எல்லாம் வெயில் விழுகிற வாசல் பக்கம். துணி சோப்பும் ஊதுவத்தியும் இருட்டு மூலைக்கு.

“சோப்புக்கு வெளிச்சம் எதுக்கு எஸ்.எம்.? மூக்கு இருந்தா போதும்.”

உண்மையைச் சொன்னால் ஜனங்கள் இருட்டில் மோந்து மோந்து சரியாகத்தான் எடுத்தார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் என் உயிரை வாங்கியது வேன்தான். அதுவரைக்கும் யார் போன் செய்தாலும் டிரைவர் கன்னியப்பன் ஒரு பாக்கெட் உப்பை வைத்துக்கொண்டுகூடப் பெருங்களத்தூர் வரை பறப்பான். கார்டு சார் வந்தபின், வண்டி நிறையாமல் நகரக் கூடாது. திங்கள்கிழமை முடிச்சூர் பக்கம், செவ்வாய் சேலையூர், புதன் பெருங்களத்தூர் என்று டைம்டேபிள் போட்டார். வண்டி நிறைந்ததும் பின்னால் போய் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, விசில் ஊதி, பச்சைக் கொடி காட்டுவார். அப்போதுதான் கிளம்பலாம்.

கன்னியப்பன் என்னிடம் வந்து அழுதான். “இன்னா சார் இது, ஒரே பேஜாரா கீது? ரோட்ல போறவன்லாம் பாத்து சிரிச்சுகினு போறான். நான் இன்னா ரயிலா ஓட்றேன்? வூட்ல சொன்னா என் சம்சாரமே விசில் அடிக்குது.”

“நீ அவர்கிட்டயே சொல்லேன்.”

“சொன்னேன் சார். காலி வேகன் இழுக்கறது பாவம்ன்றாரு. இன்ஜினுக்கும் பாவம், புகை குடிக்கற நமக்கும் பாவமாம். எம்மேல பாவம் பாக்க மட்டும் ஆளு இல்ல.”

கிறிஸ்துமஸ் வாரத்தில் பூகம்பம் வந்தது. சேலையூரிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். கேக் போட மைதா, சர்க்கரை, வெண்ணெய், திராட்சை எல்லாம் வேண்டும். எங்களுடைய பழைய வாடிக்கை. குரல் கேட்டாலே நான் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிடுவேன், அப்படிப்பட்ட டீச்சர். அன்று செவ்வாய்க்கிழமைதான். ஆனால் வண்டி பாதிதான் நிறைந்திருந்தது. கார்டு சார் சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு நின்றார். மத்தியானம் மறுபடி போன்.

“என்ன மேனேஜர், நான் கேக் போடறது இந்த கிறிஸ்துமஸுக்கா, அடுத்த கிறிஸ்துமஸுக்கா?”

நான் நாக்கு குழறி ஏதோ சொல்வதற்குள் கார்டு சார் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். “அம்மா, இங்க அரை வண்டிதான் லோடு இருக்கு. உங்க தெருவுல வேற யாருக்கு என்ன வேணும்னு ஒரு நடை கேட்டுச் சொல்லுங்க. முழு வண்டியா அனுப்பறேன்.”

ஒரு வாடிக்கையாளரை, அதிலும் அந்த டீச்சரை, வீடு வீடாகப் போய் ஆர்டர் எடுத்து வரச் சொல்கிறான் மனுஷன்! டீச்சர் நேராக முதலாளிக்குப் போன் செய்வார், முதலாளி “ம்” என்பார், பொங்கல் வரைக்கும்கூட நான் தாங்கமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவர் வந்து மின்விசிறியை அணைத்துவிட்டுப் போனார்.

அரை மணியில் போன் அடித்தது. டீச்சர்தான். தெருவையே வகுப்பாக நினைத்து வருகைப்பதிவு எடுத்துவிட்டிருந்தார். எதிர்வீட்டுக்கு அரிசி, கோடி வீட்டுக்கு எண்ணெய், மாடி வீட்டுக்கு ரவை. வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கும் அவராகவே கொஞ்சம் உளுந்து எழுதிவிட்டார். வண்டி பிதுங்கியது. பச்சைக் கொடி ஆடியது. அன்று முதல் ஒவ்வொரு செவ்வாயும் டீச்சரே அதிகாரமாகக் கூப்பிடுவார்: “எங்க தெரு ரெடி. அவரைக் கொடி காட்டச் சொல்லுங்க.”

போகும்போது நிறைந்து போனால் போதாது. வரும்போதும் காலியாக வரக் கூடாது. காலி பாட்டில், முட்டை அட்டை, பிரித்த அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் எல்லாவற்றையும் கன்னியப்பன் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். அவற்றைக் குடோனில் அடுக்கி மறுபடி சரக்குக் கட்ட எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வண்டிக் கதவைத் திறந்தால் ஓர் ஆடு இறங்கியது.

“இன்னாடா இது?” என்று எனக்கே மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது.

“ரிட்டர்ன் லோடு கெடைக்கல சார். சேலையூர்ல ஒரு அக்கா, தாம்பரத்துல கீற அவங்க தங்கச்சி வூட்ல வுட்டுடுன்னாங்கோ. சாயங்காலமா கொண்டு போய் வுட்டுட்றேன்.”

கார்டு சார் ஆட்டைத் தலை முதல் வால் வரை பார்த்தார். “லைவ் ஸ்டாக். ஆடு மாட்டுக்கும் ரயில்ல புக்கிங் உண்டு” என்று தலையாட்டினார்.

அந்த ஆடு வாசலில் நின்று நாங்கள் கட்டியிருந்த பண்டிகைத் தள்ளுபடிக் காகிதத்தைப் பொறுமையாக மென்றுகொண்டிருந்தபோது முதலாளியின் கார் வந்து நின்றது. அவர் ஆட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஆட்டைப் பார்த்தார்.

“ம்” என்றார்.

இதற்கு முன்னால் கேட்காத புது “ம்”. அன்றிரவு என் மனைவியை எழுப்பி, அந்த “ம்”மை அதே ராகத்தில் சொல்லிக் காட்டி, “இதுக்கு என்னடி அர்த்தம்?” என்று கேட்டேன். “தூங்குன்னு அர்த்தம்” என்றாள்.

ஆப்பிள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எவனாவது கஸ்டமர் ஆப்பிளைக் கையில் எடுத்தால் கார்டு சார் பின்னால் போய் நின்றுகொள்வார். “இது எங்கிருந்து வருது தெரியுமா? நான் இதுகூடவே வந்திருக்கேன். ராத்திரி பகலா வரும். நாலு இன்ஜின் மாத்துவாங்க. அதுக்கே தலை சுத்தும். வந்து இறங்கும்போது பாதி அழுகல். இத்தனை டீசலைக் குடிச்சிட்டு வந்த பழத்தை நீங்க ஒரு கடி கடிச்சிட்டு, புளிக்குதுன்னு போடுவீங்க. பக்கத்துல மண்ணிவாக்கத்துக் கொய்யா இருக்கு பாருங்க, காலையில சைக்கிள்ல வந்தது.” நம் கடைப் பண்டத்தை நம் ஆளே திட்டினால் வியாபாரம் உருப்படுமா? ஆப்பிள் ஒரு பக்கம் சுருங்கிக் கிடந்தது. நான் ஒரு பக்கம் சுருங்கிக் கிடந்தேன். கொய்யா மட்டும் பறந்தது.

என் தங்கை பையன் இப்போது பெரிய சில்லறை வியாபாரக் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். கடைகளால் பூமி சூடாகிறதாம், அதைக் குறைக்க ஒரு தனி இலாகாவே வைத்திருக்கிறார்களாம். ஏசி அறையில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, லாரி காலியாக ஓடக் கூடாது, குளிர்பெட்டிக்கு மூடி வேண்டும், அக்கம்பக்கத்துக் காய்கறி வாங்க வேண்டும் என்றெல்லாம் திரையில் படம் போட்டுக் காட்டுகிறார்களாம். “என்ன மாமா சிரிக்கறீங்க?” என்று கேட்டான். “படத்துல ஆடு உண்டா?” என்றேன். குழம்பிப் போய்விட்டான். கார்டு சாருக்குப் பூமி சூடாவது பற்றி ஒன்றும் தெரியாது. சூடானது நான்தான்.

பிளாஸ்டிக் பை அப்போதுதான் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. முதலாளி ஆசையாகக் கடைப் பெயர் போட்டு அடித்துக்கொடுத்தார். கட்டு வந்த அன்றே காணாமல் போனது. கார்டு சார் அதைக் குடோனில் எங்கோ புதைத்துவிட்டு, காலி அரிசிச் சாக்குகளை வெட்டிப் பையாகத் தைத்துக் கொண்டு வந்து வைத்தார். “போற வேகன் திரும்பி வரணும். இந்தப் பிளாஸ்டிக் திரும்பி வருமா?” என்றார். டை கட்டின ஆபீசர்கள்கூட முதுகில் ‘முதல்தரப் புழுங்கல்’ என்று எழுதிய பையைச் சுமந்துகொண்டு போனார்கள். பையைத் திருப்பித் தராதவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே போய் நிற்பார். விசிலோடு.

இத்தனையும் பொறுத்தேன். ஐஸ்கிரீம் பெட்டிதான் என்னைக் கவிழ்த்தது. கண்ணாடிக் கதவு போட்ட நீளமான குளிர்பெட்டி. கண்ணாடி வழியாகக் குளிர் ஓடிப்போகிறதாம். பனிக்காலத்து நைட் டியூட்டிக்கு ரயில்வே கொடுத்த தன் கறுப்புக் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்தினார். நழுவாமலிருக்கக் கோட்டின் இரண்டு கைகளையும் அதன் மார்பில் மடித்து வைத்தார். காலையில் முதல் கஸ்டமராக வந்த பெண்மணி, “ஐயோ, கடைக்குள்ள யாரோ செத்துக் கிடக்காங்க!” என்று அலறி ஓடிப்போனாள். அவளைச் சமாதானம் செய்து கூட்டிவர ஸ்டேஷன் வரை நான் ஓடினேன்.

அது போதாதென்று, போர்த்திய பெட்டி ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாமலே தாங்கும் என்று கண்டுபிடித்தார். மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அதை அணைத்தார். அவருக்கென்று வாய்த்த நேரம், அணைத்த ஐந்தாவது நிமிடத்தில் ஊருக்கே கரண்ட் போய், சாயங்காலம்தான் வந்தது. கோட்டை எடுத்துப் பார்த்தால் பெட்டி நிறைய பாயசம். வெனிலாவும் ஸ்ட்ராபெர்ரியும் ஒன்றாகி ஒரு மாதிரி ரோஜாக் கலரில் மிதந்தன.

நான் முடியைப் பிய்த்துக்கொண்டேன். “சார், இதுக்கு முதலாளிக்கு யார் பதில் சொல்றது?”

அவர் கொஞ்சம்கூட அசையவில்லை. “டீரெயில்மெண்ட். வண்டி தடம் புரண்டா என்கொயரி வைக்கணும்” என்றார்.

வைத்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என்னை நிற்க வைத்து விசாரித்தார். கரண்ட் போனது எப்போது, நான் எங்கே இருந்தேன், ஏன் யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. இந்தக் கடைசிக் கேள்விக்கு, “நீங்கதான் திறக்கக் கூடாதுன்னு கொடி காட்டினீங்க” என்றேன். யோசித்தார். “அப்ப தப்பு என்னோடதுதான். எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டு, பாயசத்தைப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் டம்ளரில் ஊற்றிக்கொடுத்தார். வீணாகப் போகக் கூடாதாம். அத்தோடு பெட்டியை அணைக்கிற வேலையை விட்டுவிட்டார். கோட்டை மட்டும் எடுக்கவில்லை.

மார்கழி முடிகிற நேரத்தில் நான் எலும்பும் தோலுமாக இருந்தேன். எலும்பும் தோலும் வேர்வையுமாக. பொங்கல் நெருங்க நெருங்க முதலாளி பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டார். அந்தச் சமயம்தான் கார்டு சார் டேப்பை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்து, என் நாற்காலிக்குப் பின்னால் சுவரை அளக்க ஆரம்பித்தார்.

“என்ன சார் அளக்கறீங்க?”

“அகலம்.”

“எதோட அகலம்?”

“பயப்படாதீங்க எஸ்.எம்., உங்களோடது இல்ல.”

மறுநாள் மத்தியானம் கடைக்குப் பின்புறம், அதே சுவருக்கு வெளியே, ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு அது புகைவதையே பார்த்தபடி நின்றார். நான் மறைந்து நின்று பார்த்தேன். ஆள் உயிரோடு இருக்கும்போதே ஊதுவத்தி!

கன்னியப்பனிடம் கேட்டேன். “உன் கார்டு என்னதான்டா பண்றாரு?”

“தெர்ல சார். மொதலாளியாண்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்லிகினு கீறாரு. மண்ணிவாக்கத்துக்கு வண்டி எடுன்னாரு. அப்பால, ‘லோடு சேரட்டும்’னு வுட்டுட்டாரு.”

என் வேலைக்கு உலை வைக்கப் போகிற மனுஷன், அதற்கும் முதலாளி வீடு இருந்த மண்ணிவாக்கத்துக்குப் போக முழு வண்டி சேர வேண்டும் என்று காத்திருந்தார்! ஒவ்வொரு நாளும் மண்ணிவாக்கத்துக்கு ஆர்டர் வராதா என்று அவரும், வந்துவிடக் கூடாதே என்று நானும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தால் நான் முந்திக்கொண்டு எடுத்து, “ராங் நம்பர்” என்றேன். கடைசியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் நேரிலேயே வந்து ஆர்டர் கொடுத்து என்னைத் தொலைத்தார். வண்டி நிறைந்தது. கார்டு சார் முன்சீட்டில் ஏறி, தனக்குத்தானே கொடி காட்டிக்கொண்டு போனார்.

பொங்கல் என் வீட்டில் பொங்கவில்லை. விடுமுறை முடிந்து கடைக்குப் போனால் என் அறை வாசலில் ஒரு கொத்தனார், சுத்தியலும் உளியுமாக.

“மேனேஜர் ரூமு இதானுங்களே? இடிக்கச் சொல்லியிருக்காங்க. நாற்காலிய நவுத்திக்கிறீங்களா?”

நான் நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை, என்னையே நகர்த்திக்கொண்டேன். மனிதன் கௌரவமாகப் போக வேண்டும். மேஜையிலிருந்த சாமி படம், டிபன் கேரியர், மாற்றுக் கைக்குட்டைகள் எல்லாவற்றையும் எடுத்தேன். போட்டுக்கொள்ள ஒரு காலி அட்டைப்பெட்டி வேண்டும். குடோனுக்குப் போய்க் கார்டு சாரிடமே கேட்டேன். குரலில் இருந்த துக்கம் கல்லைக் கரைத்திருக்கும்.

அவர் ஒரு பெட்டியை எடுத்துத் தட்டிக்கொடுத்தார். “பெட்டி ரிட்டர்ன் வரணும் எஸ்.எம்.”

அவ்வளவுதான், எனக்குப் பொங்கிவிட்டது. கடை நடுவில் நின்றுகொண்டு கவுண்டர் பெண்களுக்கும் கன்னியப்பனுக்கும் ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு கஸ்டமர்களுக்குமாக ஒரு பிரிவுரை ஆற்றினேன். உழைத்தேன் என்றேன். வேர்வை சிந்தினேன் என்றேன், அது எல்லோருக்குமே தெரியும். முதுகில் குத்திவிட்டார்கள் என்றேன். பின்னால் சுவர் டம் டம்மென்று இடிபட்டுக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேளம் கிடைத்தது. ஒரு பெண் அழக்கூடச் செய்தாள். “எங்கே போனாலும் உங்களையெல்லாம்…” என்று முடிக்கிற நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார்.

“என்னய்யா பெட்டியும் கையுமா? எங்க கிளம்பிட்டே?”

“நீங்கதானே முதலாளி… ரெண்டு கடைக்கும் ஒரே மேனேஜர்னு…”

“ஆமா. நீதான்.”

“நானா? அப்ப குரோம்பேட்டைக்காரர்?”

“அவன் மஸ்கட் போறான்யா. விசா வரப்போவுதுன்னு ஆவணியிலேயே சொல்லிட்டான். அதனாலதானே அன்னிக்கு உன்கிட்ட வந்து சொன்னேன்?”

அவர் சொன்னதுதான். ‘நீ’ என்கிற ஒரு எழுத்தை மட்டும் விட்டுவிட்டார். அந்த ஒரு எழுத்துக்காக நான் ஐந்து மாதம் பல்லைக் கடித்திருக்கிறேன்.

“கார்டு சார் என்னைப் பத்தி உங்ககிட்ட…?”

“அவரா? ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்தாரு.” முதலாளி என் அறைப் பக்கம் கையைக் காட்டினார். “போய்ப் பாரு.”

கொத்தனார் இடித்தது அறையை அல்ல. நாற்காலிக்குப் பின்னால், டேப்பால் அளந்த இடத்தில், சதுரமாக ஒரு துவாரம். பக்கத்தில் கம்பி போட்ட ஒரு பழைய மரச்சட்டம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எங்கேயோ டெலிவரிக்குப் போன வேன், திரும்பும்போது காலியாக வராமல் ஏற்றி வந்தது.

நடந்தது இவ்வளவுதான். கார்டு சார் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கோள் சொல்லவில்லை. மண்ணிவாக்கத்துக்குப் போய் முதலாளியிடம் அவர் சொன்னது இதுதான்: “எஸ்.எம். ரொம்ப வேர்க்கிறாரு. நான் விசிறியை அணைக்கிறதை நிறுத்தமாட்டேன். அவருக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்க. மூணு மணிக்கு மேல அங்க கடல்காத்து வருது, ஊதுவத்தி வெச்சுப் பார்த்துட்டேன்.”

சாயங்காலத்துக்குள் சட்டத்தைப் பொருத்திப் பூசி முடித்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டு ஒன்று வேலியோரம் நின்று அதன் கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தது. காற்று வந்தது. நான் எழுந்து போய், நானே விசிறியை அணைத்தேன்.